மெழுகு வைத்த கிதார்

வஜ்ஜிரம் காய்ச்சுகிற நாற்றம் தெரியாதவர்கள் கொடுத்துவைத்தவர்கள். மாட்டுத் தோலையும் எலும்பையும் வேகவைத்து எடுக்கிற பசை அது. மரத்தோடு மரம் ஒட்டத் தச்சர்கள் வைத்திருப்பார்கள். அதை ஒரு தகர டப்பாவில் போட்டுக் கரி அடுப்பின்மேல் காலையிலிருந்து சாயங்காலம்வரை கொதிக்கவிட்டால் ஒரு கடை எப்படி நாறும் என்பதை மந்தாரக்குப்பம் கடைத்தெருவில் தெரிந்துகொண்டேன். இன்றைக்கும் தச்சு வேலை நடக்கிற வீட்டைத் தாண்டும்போது முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொள்கிறேன். கூட வருகிறவர்கள் என்னை ரொம்ப ஆசாரக்காரி என்று நினைத்துக்கொள்வார்கள். ஆசாரமும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. அந்த நாற்றத்தோடு அந்தக் கடைக்காரரும், அவர் கடையில் நின்று என் கணவர் சொன்ன ஒரு வாக்கியமும் சேர்ந்து வரும். எனக்குக் குமட்டுவது அந்த வாக்கியத்தால்தான்.

அறுபதுகளின் தொடக்கத்தில் கல்யாணமாகி நெய்வேலிக்கு வந்தேன். கணவர் சுரங்கத்தில் எலக்ட்ரிகல் சூப்பர்வைசர். எங்களுக்குக் கிடைத்த குவார்ட்டர்ஸ் புத்தம் புதிது. சுண்ணாம்பு வாசனைகூடப் போகவில்லை. ஒரே மாதிரி வீடுகள், ஒரே மாதிரி கதவுகள், வாசலுக்கு வாசல் முழங்கால் உயரத்தில் ஒரே மாதிரி செடிகள். கடைக்குப் போய்விட்டுத் திரும்பும்போது வேறு யார் வீட்டு அடுப்படிக்குள்ளோ நுழைந்து அசடு வழிந்திருக்கிறேன். காற்றடித்தால் சுரங்கத்துத் தூசியில் கொடியில் காய்கிற வேட்டியெல்லாம் பழுப்பாகிவிடும். அதையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம்.

பொறுக்க முடியாதது வேறு. எனக்குப் பெயர் ஒன்று இருந்தது, நல்ல பெயர்தான், அந்த ஊரில் அதை யாரும் கேட்கவில்லை. பால்காரரிலிருந்து ஆஸ்பத்திரியில் சீட்டு எழுதுகிறவர்வரை எல்லாருக்கும் நான் 'எலக்ட்ரிகல் சூப்பர்வைசர் சம்சாரம்'. பக்கத்து வீட்டு அம்மாள் 'பம்ப் ஹவுஸ் சம்சாரம்'. எதிர்வீட்டு அம்மாள் இன்னும் பாவம். அவள் வீட்டுக்காரருக்கு வேலை பெர்மனென்ட் ஆகவில்லை, அதனால் 'டெம்பரவரி சம்சாரம்'. கூப்பிட்டால் அவளும் சிரித்த முகத்தோடு திரும்பிப் பார்ப்பாள். எனக்குத்தான் பற்றிக்கொண்டு வரும்.

என்னிடம் ஒரு கிதார் இருந்தது. அப்பா குன்னூரில் எஸ்டேட் ஆபீசில் குமாஸ்தா. துரை ஒருவர் மூட்டை முடிச்சைக் கட்டிக்கொண்டு சீமைக்குப் போனபோது வேண்டாத சாமான்களை ஆபீஸ்காரர்களுக்குக் கொடுத்துவிட்டுப் போனார். மற்றவர்கள் நாற்காலியும் விளக்கும் தூக்கிக்கொண்டு போக, அப்பா இதைத் தூக்கிக்கொண்டு வந்தார். அம்மா அவரோடு ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை. பக்கத்து வீட்டில் ஆங்கிலோ இந்திய ரயில்வே கார்டு ஒருவரின் மகள், என் வயதுக்காரி, எனக்கு அதில் விரல் வைக்கக் கற்றுக்கொடுத்தாள். அவள் கல்யாணமாகிப் போன பிறகும் நான் விடவில்லை. நன்றாக வாசிப்பேன். இதில் அடக்கம் காட்ட எனக்கு விருப்பம் இல்லை.

அந்த நேரம் டவுன்ஷிப் பெண்கள் சங்கம் ஒரு மழலைப்பள்ளி நடத்திக்கொண்டிருந்தது. பெயர்தான் பெண்கள் சங்கம். செயலாளர் மட்டும் ஓர் ஆபீசர், ஆண். அதில் ஒரு விசித்திரமும் யார் கண்ணுக்கும் தெரியவில்லை. குழந்தைகளுக்குப் பாட்டு டீச்சர் ஒருத்தி வேண்டும் என்று பேச்சு வந்தபோது, நான் கிதார் வாசிப்பேன் என்று பக்கத்து வீட்டு அம்மாள் போய்ச் சொல்லிவிட்டாள். "ஆண்டுவிழாவில் வாசிக்கட்டும். கேட்டுவிட்டு முடிவு பண்ணுவோம்" என்று செயலாளர் என் கணவரிடம் சொல்லி அனுப்பினார்.

எனக்கு அந்த வேலை எவ்வளவு வேண்டியிருந்தது என்று சொல்லிவிடுகிறேன். சம்பளத்துக்காக இல்லை. அந்தப் பள்ளியில் டீச்சர்களைப் பெயர் சொல்லி, பின்னால் டீச்சர் என்று சேர்த்துக் கூப்பிடுவார்கள். வேலிக்கு இந்தப்பக்கம் நின்று அந்தக் குழந்தைகள் கத்துவதைக் கேட்டிருக்கிறேன். என் பெயரை அப்படி நாலு குழந்தைகள் கத்தினால் எப்படி இருக்கும் என்று சமைக்கும்போதெல்லாம் நினைத்துக்கொள்வேன்.

ஆண்டுவிழா மே மாதத்தில். குன்னூர்க் குளிரிலேயே இருந்து பழகிய கிதாருக்கு நெய்வேலி வெயில் ஒத்துக்கொள்ளவில்லை. ஒருநாள் மத்தியானம் உள்ளறையில் படாரென்று சத்தம். ஓடிப்போய்ப் பார்த்தால், தந்திகளின் அடி முனையைக் கட்டியிருக்கும் கட்டை, பிரிட்ஜ் என்பார்கள், வயிற்றுப் பலகையிலிருந்து பெயர்ந்து தந்திகளோடு தொங்கிக்கொண்டிருந்தது. மரம் எங்கும் உடையவில்லை. பசைதான் விட்டுப்போயிருந்தது. அதை ஒட்டி, அழுத்தி வைத்துக் காயவிட்டால் தீர்ந்தது.

மந்தாரக்குப்பத்தில் ஒரு வாத்தியக் கடை இருக்கிறது என்று கணவர் விசாரித்துக்கொண்டு வந்தார். 'சகல வாத்தியங்களும் ரிப்பேர் செய்து பராமரித்துத் தரப்படும்' என்று போர்டு. சைக்கிளில் அவர் மிதிக்க, பின்னால் நான் கிதாரைக் குழந்தை மாதிரி மடியில் வைத்துக்கொண்டு போனேன்.

கடை வாசலிலேயே வஜ்ஜிரம் முகத்தில் அடித்தது. உள்ளே கயிற்றில் தவில் தோல்கள் காய்ந்துகொண்டிருந்தன. சிலது முழுசாகக் காயவில்லை, ஈ மொய்த்தது. மூலையில் வாய் பிளந்த ஹார்மோனியம் ஒன்று, அதற்குள் எலி கொண்டுவந்து சேர்த்த பஞ்சு. கூடை நிறையச் சலங்கை. நடுவில் பனியனோடு கடைக்காரர். ஐம்பது வயது இருக்கும். வாய் நிறைய வெற்றிலை. பக்கத்தில் ஒரு கொட்டாங்கச்சி. அதில் துப்பித் துப்பி அது விளிம்புவரை வந்திருந்தது. தந்தி சுற்றுகிற நூலை வாயில் போட்டு ஈரப்படுத்தி இழுத்தார், அது சிவப்பாக வெளியே வந்தது. கிதாரைக் கீழே வைக்கவே மனம் வரவில்லை.

"வாங்க சார், இன்னா வேணும்?" என்றார் என் கணவரைப் பார்த்து.

"இந்தக் கட்டை மட்டும் பேந்துபோச்சுங்க," என்றேன் நான். "இதை ஒட்டணும். வேற எதையும் தொட வேண்டியதில்லை."

அவர் என் பக்கம் திரும்பவே இல்லை. "அம்மா இன்னா சொல்றாங்க சார்?" என்று கேட்டார். நான் தமிழில்தான் சொன்னேன். என் கணவர் அதையே திரும்பச் சொன்னார். சொல்லும்போது 'வேற எதையும் தொட வேண்டியதில்லை' என்பதை விட்டுவிட்டார். அது மரியாதைக் குறைவாக இருக்கும் என்று பட்டிருக்கும்.

"நான் வீணை ஆளு சார்," என்றார் கடைக்காரர். "தஞ்சாவூர்ல பட்டறையில இருந்துகினு எத்தினி வீணைக்கு மெட்டு கட்டியிருக்கேன் தெரியுமா? இது இன்னா, வெள்ளக்காரன் பெட்டி. நாலு நாள்ல குடுத்துடறேன்." கிதாரை என் கையிலிருந்து வாங்கினார். வெற்றிலைக் காவி ஏறிய நகத்தால் ஒரு தந்தியைச் சுண்டினார். அது தொளதொளவென்று அழுதது.

கிளம்பும்போதுதான் என் கணவர் அந்த வாக்கியத்தைச் சொன்னார். "நீங்களே பாத்து நல்லபடியா செஞ்சு குடுங்க."

இதைச் சொல்லாமல் ஓர் இடத்தைவிட்டு எழுந்திருக்க நம் ஆட்களுக்குத் தெரியாது. தையல்காரரிடம் சொல்வார்கள், கொத்தனாரிடம் சொல்வார்கள், பல் பிடுங்குகிற டாக்டரிடம் வாயைத் திறந்துகொண்டே சொல்வார்கள். என்னைப் பெண் பார்த்துவிட்டுப் போனபோது என் அப்பா மாப்பிள்ளை வீட்டாரிடம் கைகூப்பிக்கொண்டு இதையேதான் சொன்னார். சொல்கிறவருக்கு அது வெறும் மரியாதை. கேட்கிறவருக்கு அது சாவிக்கொத்து. இனி உள்ளே புகுந்து எதை வேண்டுமானாலும் எடுக்கலாம், எதை வேண்டுமானாலும் மாற்றலாம், யாரும் கேட்க முடியாது. கேட்டால், பார்த்துச் செய்யச் சொன்னது நீங்கள்தானே என்று ஒரு பதில் தயாராக இருக்கும்.

நாலு நாள் கழிந்தது. நான் போய்ப் பார்க்கிறேன் என்றதற்கு, "அந்தக் கடைத்தெருவுல நீ எதுக்குத் தனியா போய் நிக்கோணும்? ஷிப்ட் முடிஞ்சு நான் எட்டிப் பாத்துட்டு வர்றேன்," என்றார் கணவர். எட்டிப் பார்த்துவிட்டு வந்து, வேலை நடக்கிறதாம் என்பார். என்ன வேலை என்று கேட்டால், "அவுரு பெரிய மனுசரு, நிக்க வெச்சுக் கேள்வி கேக்க முடியுமா?" என்பார். ஒரு கட்டையை ஒட்ட இத்தனை நாள் என்ன நடக்கும் என்று எனக்குப் புரியவில்லை. அடம்பிடித்து ஒருநாள் அவரோடு சைக்கிளில் ஏறிவிட்டேன்.

கிதார் சுவரில் ஆணியில் தொங்கியது. கட்டை ஒட்டியிருந்தது, அதையும் சொல்லத்தான் வேண்டும், நன்றாகவே ஒட்டியிருந்தது. சுற்றிலும் வழிந்த வஜ்ஜிரத்தைத்தான் துடைக்கவில்லை, சளி காய்ந்த மாதிரி வயிற்றுப் பலகையில் இறங்கியிருந்தது. பக்கத்தில் ஒரு தவில் தோல் அதன்மேல் உரசிக்கொண்டு ஆடியது. துர்நாற்றம் என் கிதாரிலிருந்தே வந்தது. ஆனாலும் வேலை முடிந்துவிட்டது என்று எனக்கு உயிர் வந்தது. எடுத்துக்கொண்டு போகலாம் என்று கையை நீட்டினேன்.

"இருங்க சார்," என்றார் கடைக்காரர், என் நீட்டிய கையைத் தாண்டி என் கணவரிடம். "இதுல ஒரு கோளாறு கண்டுபுடிச்சேன். மெட்டெல்லாம் தப்பா வச்சிருக்கான் வெள்ளக்காரன். காந்தார சுரம் ஏறிக்கினு இருக்குது. இப்படியே வாசிச்சா காதுல ஈயத்த ஊத்தின மாதிரி இருக்கும். நான் சரிபண்ணிக் குடுத்துடறேன்."

மெட்டு என்று அவர் சொன்னது கழுத்துப் பலகையில் குறுக்கே வரிசையாகப் பதித்திருக்கும் மெல்லிய கம்பிகளை. எந்த இடத்தில் விரல் அழுத்தினால் எந்தச் சுரம் வரும் என்பதை அவைதான் தீர்மானிக்கும். வீணையில் அவற்றை மெழுகின்மேல் நிறுத்தியிருப்பார்கள். காது சொல்கிறபடி நகர்த்திக்கொள்ளலாம். வீணையில் பெரும்பாலும் ஒரு தந்தியில்தான் பாட்டு ஓடும், அதனால் அது நடக்கும். கிதாரில் மூன்று நாலு தந்திகளை ஒரே நேரத்தில் அழுத்த வேண்டும். ஒன்றுக்காகக் கம்பியை நகர்த்தினால் மற்றதெல்லாம் கெட்டுப்போகும். அதனால்தான் அவற்றை மரத்தில் அறுத்த பள்ளத்துக்குள் அடித்து இறுக்கியிருப்பார்கள். யாரும் நகர்த்தக் கூடாது என்பதற்காகவே அப்படி.

இத்தனையும் நான் சொன்னேன். கடைசியில், "தயவுசெஞ்சு அதைத் தொடாதீங்க," என்றேன், சத்தமாகவே.

கடைக்காரர் கொட்டாங்கச்சியை எடுத்துத் துப்பினார். துப்பிவிட்டு என் கணவரைப் பார்த்து, நாம் இருவரும் ஆண்கள், நமக்குத் தெரியும் என்கிற மாதிரி ஒரு சிரிப்பு சிரித்தார். என் கணவரும் பதிலுக்குச் சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் மறக்க மாட்டேன்.

"சரிங்க. நீங்க பாத்துக்கங்க," என்றார் என் கணவர்.

வழியெல்லாம் நான் பேசினேன், அவர் சைக்கிள் மிதித்தார். "ஏனுங்க, தொடாதீங்கன்னு நான் அத்தனை சொல்றேன், நீங்க பாத்துக்கங்கன்னா என்ன அர்த்தம்?"

"சும்மா ஒரு பேச்சுக்குச் சொல்றதுதான். அவுருக்குப் புரியாதா?"

"அவருக்கு நல்லாப் புரிஞ்சுதுங்க. அதான் பயமா இருக்குது."

"நீ சும்மா எதுக்கெடுத்தாலும் பயந்துக்கறே," என்றார்.

அவர் கெட்டவர் இல்லை. என்மேல் கை ஓங்கியதில்லை, கிதார் வாசிக்காதே என்றும் சொன்னதில்லை. நான் வாசிக்கிறேன் என்று ஷிப்டில் பெருமையாகப் பேசுவாராம். யார் மனதும் கோணக் கூடாது என்று நினைக்கிற மனுஷர். அந்த யாரில் நான் மட்டும் சேர்த்தி இல்லை. வேறு ஊர் வாத்தியக் கடை தேடிப்போக நாளும் இல்லை. வீட்டில் உட்கார்ந்து முறத்தின் பின்பக்கத்தைக் கிதார்க் கழுத்தாக வைத்துக்கொண்டு விரல் வைத்துப் பழகினேன். வாசிக்கப்போகிற பாட்டு குழந்தைகளுக்காக நானே கட்டியது. அணிலும் மழையும் பற்றி எளிமையான பாட்டு.

ஆண்டுவிழா அன்று கணவருக்குக் காலை ஷிப்ட். முடித்துவிட்டு நேராகக் கடைக்குப் போய்க் கிதாரை வாங்கிக்கொண்டு விழா மைதானத்துக்கே வந்துவிடுவதாக ஏற்பாடு. திறந்தவெளி மேடை. நான் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு மேடைக்குப் பின்னால் படுதா மறைவில் காத்திருந்தேன். குழந்தைகள் முயல் வேஷத்திலும் காய்கறி வேஷத்திலும் அழுதுகொண்டிருந்தார்கள். நிகழ்ச்சி பாதி தாண்டின பிறகுதான் அவர் வந்தார். வியர்வையில் சட்டை ஒட்டியிருந்தது. சைக்கிளில் அந்தச் சாயங்கால வெயிலில் அதைத் தோளில் மாட்டிக்கொண்டே வந்திருக்கிறார். "முடிச்சுட்டாரு. பிரமாதமா செஞ்சிருக்கேன்னு சொன்னாரு," என்றார்.

துணிப்பையை அவிழ்த்தேன்.

கழுத்துப் பலகையில் இருந்த கம்பிகள் ஒன்றுகூட இல்லை. பிடுங்கியாயிற்று. இருபுறமும் நீளமாகக் கறுப்பு மெழுகுக் கரை, விரல் தடிமனுக்கு. அதன்மேல் குறுக்காகப் பித்தளை வீணை மெட்டுகள், ஒன்று உயரம் ஒன்று தாழ்வு. மெழுகில் கரித்தூள் கலந்திருப்பார்கள், அதனால் அந்தக் கறுப்பு. அதில் அவருடைய கட்டைவிரல் ரேகை பதிந்திருந்தது. ஒரு தலைமுடியும் புதைந்திருந்தது. வெயிலில் வந்ததில் கரை இளகி, பளபளவென்று எண்ணெய் வடிந்தது. தொட்டேன். விரல் உள்ளே போனது.

எனக்கு அழுகை வரவில்லை. வாந்திதான் வந்தது. படுதாவின் பின்பக்கம் போய் உமிழ்ந்துவிட்டு வந்தேன்.

"என்னால முடியாதுங்க. இதுல வாசிக்க முடியாது."

"எல்லாரும் உக்காந்திருக்காங்க. செயலாளர் முன்வரிசையில இருக்காரு. ஏதோ கொஞ்சம் வாசிச்சுட்டு வந்துடு," என்றார். அதற்குள் மைக்கில் அறிவித்துவிட்டார்கள்: அடுத்ததாக, நமது எலக்ட்ரிகல் சூப்பர்வைசர் அவர்களின் துணைவியார்.

போனேன். போயிருக்கக் கூடாது என்று இப்போது சொல்வது சுலபம். அந்த வேலை எனக்கு வேண்டியிருந்தது. மூன்று நாலு தந்திகளை ஒன்றாக அழுத்த முடியாது. சரி, ஒரே தந்தியில் பாட்டை மட்டுமாவது ஓட்டிவிடலாம் என்று நினைத்தேன். இருட்டுகிற நேரம், முகத்துக்கு நேரே பெரிய பெரிய பல்புகள். அவற்றைச் சுற்றி ஈசல். முதல் வரி ஒரு மாதிரி வந்தது. இரண்டாவது வரியில் அழுத்தியபோது மெட்டு என் விரலோடு சேர்ந்து நகர்ந்தது. மெழுகு சூட்டில் குழைந்துவிட்டது. இன்னொன்றில் அழுத்தினேன், அது சாய்ந்து பக்கத்து மெட்டின்மேல் படுத்துக்கொண்டது. சுரம் வரவில்லை, ஈரத்துணியில் அடிக்கிற மாதிரி ஒரு சத்தம் வந்தது. விரலை எடுத்தால் கறுப்பாக நூல் இழுத்தது. பட்டுப்புடவையெல்லாம் கறை. அணிலும் மழையும் பாதியில் நின்றன. எழுந்து கும்பிட்டுவிட்டு உள்ளே வந்தேன்.

கைதட்டினார்கள். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. இருந்தவர்களில் ஒருவராவது முகம் சுளித்திருந்தால் போய்க் கட்டிப்பிடித்திருப்பேன். யாருக்கும் ஒன்றும் தெரியவில்லை. வெள்ளைக்காரர் வாத்தியம், இப்படித்தான் இருக்கும் போலிருக்கிறது என்று தட்டினார்கள்.

செயலாளர் மேடைக்குப் பின்னால் வந்தார். கறுப்பு விரல்களோடு நான் நின்றுகொண்டிருந்தேன். அவர் என் கணவரின் தோளைத் தட்டினார்.

"வித்தியாசமா இருந்தது. பாராட்டறேன். ஜூன்ல பள்ளி திறக்கும்போது அவங்களை வரச் சொல்லிடுங்க. கிதார் கிதார்னு வேண்டாம், ஹார்மோனியம் கத்துக்கிட்டாப் போதும். உங்க கிதாரைச் சரிபண்ணின அதே கடையில ஒண்ணு சொல்லியிருக்கோம். என்ன சொல்றீங்க?"

என் கணவரின் முகம் மலர்ந்துவிட்டது. கைகளைக் கட்டிக்கொண்டார். "நீங்களே பாத்து செய்யுங்க சார்," என்றார்.

"என்னைக் கேளுங்க சார்," என்றேன்.

இருவரும் திரும்பினார்கள். முயல் வேஷத்துக் குழந்தை ஒன்றும் அழுகையை நிறுத்திவிட்டுப் பார்த்தது.

"நான் வாசிச்சது கேவலமா இருந்துது. ஏன்னு கேளுங்க, சொல்றேன். வேலைக்கு வர்றேனா, எதை வாசிப்பேன், எந்தக் கடைக்குப் போவேன், அதையும் என்கிட்ட கேளுங்க. வேலை செய்யப்போறது நான்."

செயலாளர் என் கறுப்பு விரல்களைப் பார்த்தார். பிறகு என் கணவரிடம், "அவங்க களைப்பா இருக்காங்க போலிருக்கு. அப்புறம் பேசிக்கலாம்," என்றார். அப்புறம் யாரும் பேசவில்லை. ஜூனில் வேறொரு சம்சாரம் டீச்சரானாள். ஹார்மோனியத்தில் அவள் எப்போதும் ஒரே பாட்டை வாசிப்பது எங்கள் வீடுவரை கேட்கும். அவள்மேல் எனக்கு ஒன்றும் இல்லை.

அன்று வீட்டுக்கு வந்ததும் கணவர் ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னார். "கொஞ்சம் பொறுத்திருந்தா வேலை நம்ம கைக்கு வந்திருக்கும்."

"வேலை வந்திருக்கும். என் பேரு வந்திருக்காதுங்க," என்றேன். அது அவருக்குப் புரிந்ததாகத் தெரியவில்லை.

மறுநாள் அவர் ஷிப்டுக்குப் போனதும் அரிவாள்மணையின் முனையால் மெழுகைச் சுரண்டினேன். பித்தளை மெட்டெல்லாம் கழன்று விழுந்தது. மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்துப் பார்த்தால், மரம் அப்படியே இருந்தது. கம்பிகள் இருந்த பள்ளங்கள் சிதையவில்லை. பழைய கம்பிகள் கிடைத்தால் திரும்ப வைத்துத் தட்டிவிடலாம். வேலை போனாலும் கிதார் போகவில்லை என்று எனக்கு அப்போது வந்த சந்தோஷத்தை எப்படிச் சொல்வது? செருப்பை மாட்டிக்கொண்டு மந்தாரக்குப்பத்துக்கு நடந்தேன். யாரிடமும் சொல்லவில்லை.

கடைக்காரர் என்னைப் பார்த்தார். என்னைத் தாண்டி வாசலைப் பார்த்தார். "சார் வரலிங்களா?"

"வரலை. இதிலேருந்து பிடுங்கின கம்பி எல்லாம் எனக்கு வேணும்."

அவர் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். சைக்கிளை நிறுத்திவிட்டு யாராவது உள்ளே வருவார்கள் என்று நினைத்தாரோ என்னமோ. நான் மறுபடி கேட்டேன். சத்தமாகக் கேட்டேன்.

"அது ஒண்ணுத்துக்கும் ஒதவாதுன்னு பழைய பித்தளையோட போட்டுட்டேம்மா. பழைய சாமான்காரன் எடுத்துக்கினு பூட்டான்," என்றார் கடைசியில், கூரையைப் பார்த்து. பிறகு ஏதோ ஞாபகம் வந்தவராக வெற்றிலைப் பெட்டியை இழுத்தார். சுண்ணாம்பு டப்பாவைத் திறந்தார். உள்ளே சுண்ணாம்பு தோண்ட ஒரு கம்பி கிடந்தது. மெல்லியது, வளைந்தது. என்னுடையது. அதை எடுத்து வேட்டியில் துடைத்தார், துடைத்ததும் நுனியில் சிவப்பாக ஏதோ இழுபட்டது. என் கையில் தரவில்லை. பலகைமேல் வைத்து, விரலால் என் பக்கம் தள்ளினார்.

"ஒண்ணு இருக்குது. சார்கிட்ட குடுத்துடுங்க."

"கிதார் என்னோடது."

"ஆமாம்மா," என்றார் பொறுமையாக. "சார்கிட்ட குடுங்க. அவரு சொன்னா வேற போட்டுத் தரேன்."

நான் அதை எடுக்கவில்லை. திரும்பி நடந்தேன்.

சாயங்காலம் கணவர் வந்தார். சைக்கிளை நிறுத்தும்போதே, "கடைக்குப் போயிருந்தியாமே?" என்றார். "மெயின்ரோட்ல நிறுத்திச் சொன்னாரு. அம்மா கோவிச்சுக்கிட்டுப் போயிட்டாங்கன்னு ரொம்ப வருத்தப்பட்டாரு. கிதாரைக் கொண்டாந்தா வேற கம்பி வாங்கிப் போட்டுத் தர்றாராம்."

"நீங்க என்ன சொன்னீங்க?"

அவர் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். வாளித் தண்ணீரை எடுத்து முகம் கழுவினார். கடைக்காரரிடம் என்ன சொல்லியிருப்பார் என்று எனக்குத் தெரியும்.

கிதாரைத் துணிப்பைக்குள் வைத்தேன். கோணி ஊசியை எடுத்து, சணல் கோத்து, பையின் வாயைத் தைக்க ஆரம்பித்தேன். முகத்தைத் துடைத்துக்கொண்டே அவர் வந்து நின்றார்.

"என்ன செய்யறே?"

ஊசியை இழுத்து முடிச்சுப் போட்டேன்.

"நானே பாத்து செஞ்சுக்கறேனுங்க," என்றேன்.